உம்மா கேட்ட படங்கள்

ஊடகக் கழக மாணவிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இதனை எழுதுகிறேன். கடந்த பாடசாலை விடுமுறையில் நான் உம்றாவுக்குச் சென்று வந்ததை அறிந்து, எடுத்த படங்களைக் காட்டும்படி கேட்டார்கள். காட்டினேன். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அவற்றில் என் முகம் இல்லை. வேறெவருடைய முகமும் இல்லை. செருப்பு வைக்கும் தட்டு, கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் அமைந்த எழுத்து, குடையின் நிழல் விழுந்த தரை, பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒற்றை மரம், எரிந்தாற்போல் கிடக்கும் கற்கள். "இதையெல்லாம் ஏன் டீச்சர் எடுத்தீங்க? கஃபாக்கு முன்னால நிண்டு ஒண்டு எடுக்கல்லையா?" என்று பத்தாம் தர மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே பாடமாகத் தருகிறேன்.

முதற் காரணம் என் உம்மா. அவருக்கு வயது 76. நீரிழிவும் முழங்கால் வருத்தமும் சேர்ந்ததால் நீண்ட பயணம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் உம்மா கஃபாவைக் காணாத நாளில்லை. மக்காவிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நான் புறப்பட்டபோது அவர் கஃபாவின் படம் கேட்கவில்லை. வேறு சிலவற்றைக் கேட்டார்.

"அவ்வளவு சனமும் செருப்ப எங்க வைக்கிற? ஸம்ஸம் தண்ணி குளிர்ந்தா இருக்கும்? எனக்குக் குளிர் தண்ணி ஒத்துக்காதே. ஸஃபா மலையில கல்லு இன்னும் இருக்கா? என்னப் போல ஏலாத ஆக்கள் எங்க இருந்து தொழுற? மதீனாக்குப் போற வழியில மரஞ்செடி இருக்கா?"

இந்தக் கேள்விகளைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒளிப்படம் பற்றி நான் வாசித்த எந்த நூலும் இவ்வளவு நல்ல வழிகாட்டலைத் தந்ததில்லை. தொலைக்காட்சிக் கமரா உயரத்தில் நிற்கிறது. அது கடல் போன்ற கூட்டத்தைக் காட்டும். ஒரு முதிய பெண் எந்தப் படியில் அமர்ந்து செருப்பைக் கழற்றுகிறாள் என்பதைக் காட்டாது. ஓர் இடத்துக்குப் போக முடியாதவர் அறிய விரும்புவது அங்கே தான் போயிருந்தால் கை எதைத் தொட்டிருக்கும், கால் எதில் பட்டிருக்கும் என்பதைத்தான்.

செருப்புத் தட்டுகளுக்கு இலக்கம் உண்டு. ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் தட்டை நம்புவதில்லை. துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகிறார்கள். ஒரு தூணடியில் சாத்தியிருந்த பூப்போட்ட துணிப்பையைப் படமெடுத்தேன். ஸம்ஸம் கொள்கலன்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், குளிரூட்டப்படாதது என்று அறபியில் எழுதிய கொள்கலன்கள் தனியாக இருக்கின்றன. வீட்டுக்கு வந்தபின் உம்மா அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் படத்தைத்தான். ஸஃபாவில் பாறையின் ஒரு பகுதி இன்னும் தெரிகிறது. சுற்றிலும் பளிங்கும் குளிரூட்டியும் விளக்குகளுமாக இருக்க, நடுவில் அந்தக் கல் மட்டும் அன்னை ஹாஜர் அவர்கள் ஓடிய காலத்துக் கரடுமுரடோடு இருக்கிறது. அதை எடுக்கும்போது கல்லையும் பளிங்கின் ஓரத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தேன். கல்லை மட்டும் எடுத்திருந்தால் அது எந்த மலையின் கல்லாகவும் இருக்கலாம்.

இனி வரலாற்றுக்குச் சிறிது போவோம். மதீனாவை முதன்முதலில் ஒளிப்படமாக எடுத்தவர் முஹம்மத் ஸாதிக் பே என்ற எகிப்திய இராணுவப் பொறியியலாளர். ஆண்டு 1861. நில அளவைக்காக அனுப்பப்பட்டவர், தன்னுடன் கமராவையும் கொண்டு சென்றார். பின்னர் 1880இல் எகிப்திய ஹஜ் குழுவின் பொருளாளராகப் போனபோது மக்காவையும் ஹறத்தையும் எடுத்தார். அக்காலத்தில் கிஸ்வா எகிப்திலிருந்தே வரும். அதைக் கொண்டு செல்லும் குழுவோடுதான் அவர் போனார். 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1883இல் நமது நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா இருந்த அதே எகிப்திய இராணுவத்தைச் சேர்ந்தவர்தான் இவரும்.

அவர் எப்படி எடுத்தார் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அன்று பிலிம் சுருள் இல்லை. கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்துப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். குளிர் நாடுகளிலேயே பத்து அல்லது பதினைந்து நிமிடந்தான் அவகாசம். ஹிஜாஸின் வெயிலில் அதுவும் குறையும். கழுவுவதற்குத் தூய நீர் வேண்டும். இருட்டறைக்குக் கூடாரம் வேண்டும். தகடுகளோ கண்ணாடி, சுமப்பதோ ஒட்டகம். இவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததால் ஒரு தகட்டைச் செலவிடுமுன் எங்கே நிற்பது, சூரியன் எங்கே இருக்கிறது என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். நாம் ஒரு நிமிடத்தில் முப்பது படம் எடுத்துவிட்டு, இரவில் இருபத்தொன்பதை அழிக்கிறோம்.

அந்த முறைக்கு இரண்டு குறைகள் இருந்தன. தகடு நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி உள்வாங்கும். ஆகவே பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். மற்றது, ஒளி விழ நேரம் எடுக்கும். ஆகவே நடமாடுபவர்கள் புகைபோல் மங்குவார்கள், அல்லது மறைந்தே போவார்கள். பழைய படமொன்றில் ஒரு முற்றம் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே ஆளில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அசையாதவை மட்டுமே அந்தக் கண்ணாடியில் தங்கின.

ஸாதிக் பேயுக்குப் பின் மக்காவைச் சேர்ந்தவரே ஒருவர் கமராவைக் கையில் எடுத்தார். அவர் அப்துல் கஃப்பார் என்ற வைத்தியர். 1885இல் மக்காவில் தங்கியிருந்த ஸ்னூக் ஹுர்குறோன்யே என்ற ஒல்லாந்த அறிஞருடன் சேர்ந்து படங்கள் எடுத்தார்; அவர் நாடு திரும்பிய பிறகும் தொடர்ந்து எடுத்து அனுப்பினார். 1889இல் ஒல்லாந்தர் வெளியிட்ட படத்தொகுதியில் பெரும்பாலானவை இந்த வைத்தியர் எடுத்தவை. ஆனால் நெடுங்காலம் அவை ஒல்லாந்தரின் படங்களாகவே உலகில் உலவின. இதனால்தான் நமது கழகத்தில் படத்தை ஒப்படைக்கும்போது எடுத்தவர் பெயர், இடம், திகதி மூன்றையும் கட்டாயம் எழுதச் சொல்கிறேன். சிலர் இன்னமும் எழுதுவதில்லை. யாரென்று அவர்களுக்கே தெரியும்.

அப்படங்களை இன்று பார்க்கும்போது என் கண் முதலில் போவது கஃபாவுக்கு அல்ல, பின்னணிக்கு. மரப் பலகணிகள் வைத்த உயர்ந்த வீடுகள். மலைமேல் அஜ்யாத் கோட்டை. அந்தக் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. அங்கே இப்போது வானளாவும் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மதீனாவின் மதில்களையும் பழைய படங்களில்தான் காணலாம். கஃபா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எவரும் பொருட்படுத்தாமல் சட்டத்தின் ஓரத்தில் நின்ற வீடும் ஜன்னலும்தான் போய்விட்டன. சிறியவற்றை எடுங்கள் என்று நான் சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

கமரா பற்றிப் பேசும்போது ஒரு திருத்தம். கமரா என்ற சொல் 'கும்றா' என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம்மவர் சஞ்சிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல, அறை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல் அது. நமக்குப் பெருமை சேர்க்க இப்படியான கதைகள் தேவையுமில்லை. பஸறாவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருட்டறையின் சிறு துளை வழியே விழும் ஒளியைக் கொண்டு சூரிய கிரகணத்தின் வடிவத்தை ஆராய்ந்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என்று நிறுவினார். அதுவே போதுமான பெருமை.

இப்போது செய்முறை. மக்காவில் படமெடுக்கும் எவரையும் ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமானது என்றே எண்ணிக் கணக்கிடும். விழும் ஒளியில் ஏறக்குறைய 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெண்பளிங்குத் தரையைக் காட்டினால் "இது மிகப் பிரகாசம்" என்று இருட்டாக்கிவிடும். இஹ்ராம் துணி அழுக்குப் படிந்ததுபோல் வரும். கறுப்புக் கிஸ்வாவை நெருக்கமாகக் காட்டினால் "இது மிக இருட்டு" என்று வெளிச்சமாக்கிவிடும். கறுப்பு சாம்பலாகிப் போகும். ஆகவே வெள்ளைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். கைபேசியில் திரையைத் தொட்டால் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதை மேலும் கீழும் நகர்த்தலாம். இதைப் பயிற்சி செய்ய மக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பேருவளை கெச்சிமலைப் பள்ளியின் வெள்ளைச் சுவர் காலை வெயிலில் இதே பாடத்தைத்தான் கற்றுத்தரும்.

கிஸ்வாவைப் பற்றி இன்னொன்று. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரிவது வெறும் கறுப்புத் துணியும் அதன் மேற்பகுதியில் பொன்னிற எழுத்துப் பட்டியும்தான். அந்தக் கறுப்புப் பட்டுக்குள்ளேயே கலிமாவும் தஸ்பீஹும் நெய்யப்பட்டிருக்கின்றன. கறுப்பில் கறுப்பு. நேராக ஒளி விழும்போது ஒன்றும் தெரியாது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான், நெசவின் மேடு பள்ளத்தால் எழுத்து மெல்லத் துலங்கும். இரண்டு அடி நகர்ந்தால் மறைந்துவிடும். நான் ஓரமாக ஒதுங்கி, ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று அதைப் பார்த்தேன். பிறகே ஒரு படம் எடுத்தேன். நேரடி ஒளிபரப்பை நாள்தோறும் பார்க்கும் உம்மாவுக்கும் அது புதிய செய்தியாக இருந்தது.

மதாஃபின் வெண்பளிங்கு கிரேக்க நாட்டின் தாசோஸ் தீவிலிருந்து வந்தது. ஒளியையும் வெப்பத்தையும் வெகுவாகத் திருப்பி அனுப்புவதால் கடும் வெயிலிலும் பாதம் சுடுவதில்லை. இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? வெப்பத்தையோ குளிர்ச்சியையோ கமரா காட்டாது. ஆனால் நண்பகலில், நிழலே இல்லாத தரையில், வெறும் பாதம் ஒன்று நிதானமாக ஊன்றி நிற்பதைக் காட்டலாம். பாதம் என் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியுடையது. அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் முற்றத்தில் 250 பெரிய குடைகள் உள்ளன. காலையில் அவை விரியும்போது எல்லோரும் அண்ணாந்து குடைகளைப் படமெடுக்கிறார்கள். நான் குனிந்து தரையை எடுத்தேன். நிழல் தரையில் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வது மேலே நடப்பதைவிட அழகாக இருந்தது.

அனுமதி என்று சொன்னேன். இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். முல்தஸமில் அழுதுகொண்டிருப்பவரின் முகம் ஒளிப்படப் போட்டியில் பரிசு பெறக்கூடிய முகம்தான். ஆனால் அந்த அழுகை அவருக்கும் ரப்புக்கும் இடையிலானது. நடுவில் நமக்கு இடமில்லை. தொழுகையில் உள்ளவரிடம் அனுமதி கேட்கவும் முடியாது, அவர் மறுக்கவும் முடியாது. மறுக்க முடியாதவரைப் படமெடுப்பது கேட்காமல் எடுப்பதைவிட மோசமானது. பெண்கள் தொழும் பகுதிக்குள் கமராவை வெளியே எடுக்கவே கூடாது. உயிருள்ளவற்றின் உருவத்தைப் படமெடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை நீங்கள் இஸ்லாம் பாடத்தில் படித்திருப்பீர்கள். கல், துணி, மணல், நிழல் ஆகியவற்றில் அந்த வேறுபாட்டுக்கே இடமில்லை. அவற்றைப் படமெடுப்பதால் எவரிடமிருந்தும் எதையும் நாம் பறிப்பதுமில்லை.

உம்றா செய்த நாளில் நான் கைபேசியை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். தவாபையும் ஸஃயையும் முடித்து, அடுத்த நாள்தான் கமரா வெளியே வந்தது. முதல் நாள் கண்ணால் பார்த்து வைத்தவற்றைத்தான் இரண்டாம் நாள் தேடிப் போய் எடுத்தேன். எடுக்கலாமா என்று பாதுகாவலரிடம் சைகையால் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஏறக்குறைய 450 கிலோமீற்றர். 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது; ஆனால் நாங்கள் பஸ்ஸில் போனோம். பாலைவனம் என்றதும் நம் கண்ணில் வருவது மணற்குன்றும் ஒட்டகமும்தான். அந்த வழியில் நான் கண்டது பெரும்பாலும் பாறையும் சரளைக் கல்லுமே. மதீனாவை நெருங்க நெருங்கத் தரை கறுத்துவிடுகிறது. ஹர்ரா என்று அழைக்கப்படும் எரிமலைக் குழம்புப் படுகைகள் அவை. ஹிஜ்ரி 654இல், அதாவது 1256இல், மதீனாவுக்கு அருகே எரிமலை வெடித்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். இரண்டு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட மதீனாவை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்ததையும், அங்கே மரம் வெட்டக் கூடாதென்று தடுத்ததையும் ஹதீஸ்களில் படித்திருக்கிறேன். அந்தக் கற்களைக் கண்ட பிறகே எல்லை என்பதன் பொருள் புரிந்தது. ஒட்டகம் கால் வைக்கத் தயங்கும் கூரான கல் அது.

பாலையைப் படமெடுப்பதில் நேரமே பாதி வேலை. நண்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும். நிழல் கல்லுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் ஒன்றாகித் தட்டையான தாள்போல் தெரியும். அஸருக்குப் பின் ஒளி சாயத் தொடங்கியதும் ஒவ்வொரு கல்லும் தன் நிழலை நீட்டுகிறது. கிஸ்வாவின் எழுத்தைத் துலங்க வைத்த அதே சாய்வு ஒளிதான் இங்கே காற்று வரைந்த மணற்கோடுகளையும் துலங்க வைக்கிறது. இன்னொரு குறிப்பு: கைபேசி தானாக நிறத்தைச் சீர்செய்யும்போது மாலையின் பொன்னிறத்தைக் குறையென்று கருதி நீக்கிவிடும். அந்தத் தெரிவை 'சூரிய ஒளி' என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பஸ்ஸில் கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே இருப்பவர்களின் பிம்பம் விழாது. அருகில் உள்ளவை கலங்கித்தான் போகும். தொலைவில் உள்ளதைக் குறிவையுங்கள்.

வெறும் வெளியை எடுத்தால் அதன் பரப்புத் தெரியாது. அளவு காட்ட ஒரு சிறு பொருள் வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு முள்மரம். மேலே தட்டையாக விரிந்து, குடை பிடித்தாற்போல் நின்றது. மன்னாரிலும் புத்தளம் பக்கத்திலும் வரண்ட காட்டில் நிற்கும் உடைமரத்தின் சாயல். அதன் சிறு நிழலில் நாலைந்து ஆடுகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. மற்றெல்லாம் கல்லும் வானமும். மரஞ்செடி இருக்கிறதா என்று கேட்ட உம்மாவுக்கு இதுதான் பதில். "எங்கட மன்னார் மரம் மாதிரி" என்றார் அவரும்.

எங்கள் குழுவில் சிலர் மதீனாவிலிருந்து வடக்கே அல்உலாவுக்கும் போய்வந்தார்கள். ஸமூது கூட்டத்தாரின் இடமென்று அறியப்படும் அல்ஹிஜ்ர் அங்கேதான் உள்ளது. பாறையில் குடைந்த 111 பெரிய கல்லறைகள், அவற்றில் 94 அலங்கார வேலைப்பாடு கொண்டவை. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நபட்டேயர் காலக் கல்வேலை என்று தொல்லியலாளர் கூறுகிறார்கள். தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்தைத் தலையை மறைத்துக்கொண்டு விரைவாகக் கடந்ததாகவும், அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாமென்று தோழர்களிடம் சொன்னதாகவும் புகாரியில் உள்ளது. போனவர்கள் கொண்டுவந்த படங்கள் அழகானவைதான். போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் வாசலுக்கு முன் கைவிரித்துத் துள்ளிக் குதித்து எடுத்த படங்களைப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. சில இடங்களில் படமெடுக்க ஒளியைவிட அந்த இடத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

ஊடகக் கழகத்துக்கு அடுத்த தவணைக்கான பயிற்சி இது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அல்லது வீட்டில் தொழும் மூலையில் ஒரே ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள்: ஹவுழின் படி, பழைய முஸல்லா, குர்ஆன் வைக்கும் ரேஹால், எதுவானாலும் சரி. பள்ளியென்றால் முதலில் நிருவாகத்தாரிடம் வாப்பா மூலமாக அனுமதி பெறுங்கள். அப்பொருளை சுபஹுக்குப் பின், ளுஹர் நேரத்தில், அஸருக்குப் பின் என மூன்று தடவை, நின்ற இடம் மாறாமல் எடுங்கள். மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், இடம், திகதி, நேரம் எழுதுங்கள். எடுப்பதற்கு முன்னர், வீட்டில் வெளியே போக ஏலாமல் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் அந்த இடத்தைப் பற்றி அவர் என்ன அறிய விரும்புகிறார் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே நான்காவது தாளில் எழுதி இணைத்துத் தாருங்கள்.